வேடம் போட்டவனெல்லாம் வில்லனா?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். மாணவன் கையிலே கைபேசி. கைபேசிக்குள்ளே ஒரு நகரம். அந்நகரிலே அவன் கொள்ளைக்காரன்! காரைத் திருடுகிறான், காவலரைச் சுடுகிறான், வெற்றிச் சிரிப்புச் சிரிக்கிறான். எதிரே அமர்ந்திருக்கும் பெரியவர் முகம் சுளிக்கிறார். இன்று திரையிலே கொள்ளையடிப்பவன் நாளை தெருவிலே கொள்ளையடிக்க மாட்டானா என்பது அவர் கவலை.

அந்தக் கவலையைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. பிள்ளையைப் பெற்றவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால், பயப்படுமுன் பக்கத்து ஊர் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் இணைந்த ஊர்களுள் ஒன்று பம்மல். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு நாடறியச் செய்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, கூத்தாடிப் பிழைப்பு என்று படித்தவர்கள் இகழ்ந்த கலைக்குப் படித்தவர்களையே அழைத்து வந்தவர். தாமும் வேடம் புனைந்து மேடையேறியவர். 'மனோகரா'விலே வசந்தசேனையின் வஞ்சத்தைத் தீட்டியது அவருடைய கை. பதவி வெறியால் அரசனைக் கொன்ற மாக்பெத்தின் கதையை 'மகபதி' என்று தமிழுக்குத் தந்ததும் அதே கை. பின்னாளில் சென்னைச் சிறுவழக்குகள் நீதிமன்றத்திலே நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பெழுதியதும் அதே கைதான்! வஞ்சகரைப் படைத்தவராயிற்றே, இவரிடம் நீதி கிடைக்குமா என்று அன்று எவரும் அஞ்சவில்லையே!

அந்த 'மனோகரா' 1954-ல் திரைக்கு வந்தது. மனோகரனாக முழங்கியவர் சிவாஜி கணேசன். அதே ஆண்டிலே 'அந்த நாள்' படத்தில் அவர் ஏற்ற வேடம் என்ன? எதிரிக்கு உளவு சொல்லும் துரோகி! தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்று குமுறிய இளைஞன் நாட்டையே விற்கத் துணிகிறான். அவன் குமுறலில் நியாயம் உண்டு. செயலிலே நியாயம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியும் பக்குவத்தைத்தான் அந்தப் படம் நமக்குத் தந்தது. துரோகம் செய்யக் கற்றுத் தரவில்லை. திரையிலே கொடுமைக்கு மறுபெயராக விளங்கிய நம்பியாரோ, வாழ்விலே மதுவைத் தொடாதவர். சபரிமலை செல்லும் பக்தர்களுக்குக் குருசாமி.

"நடிப்பு வேறு, விளையாட்டு வேறு. அங்கே எழுதி வைத்ததை நடிகன் பேசுகிறான். இங்கே சிறுவனே அல்லவா விசையை அழுத்துகிறான்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. விளையாட்டின் ஆபத்தும் அங்கேதான், ஆற்றலும் அங்கேதான்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்றொரு விளையாட்டு 2013-ல் வந்தது. ஆடுபவர் ஓர் எல்லைச் சாவடி அதிகாரி. சர்வாதிகார நாடு. கணவனிடம் தாள்கள் சரியாக இருக்கின்றன. பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. உள்ளே விடலாமா? விட்டால் எச்சரிக்கை; எச்சரிக்கை மிஞ்சினால் சம்பளத்தில் வெட்டு; வெட்டு விழுந்தால் வீட்டிலே குழந்தைக்குச் சோறில்லை, குளிருக்கு நெருப்பில்லை. வாளேந்திய கொடியவன் அங்கே இல்லை. முத்திரைக் கட்டையும் பசித்த குடும்பமும்தான் இருக்கின்றன. நல்லவன் எப்படிக் கொடுமைக்குக் கருவியாகிறான் என்பதை நூறு உபதேசம் உணர்த்தாது. அந்த முத்திரையைத் தானே குத்திப் பார்க்கும் ஒரு நொடி உணர்த்திவிடும்.

அதற்காக எல்லா விளையாட்டும் எல்லோருக்கும் ஏற்றது என்று நாம் சொல்லவில்லை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஐந்தாம் பாகத்திற்கு ஐரோப்பியத் தர அமைப்பு இட்ட முத்திரை 18 வயது. அதைப் பத்து வயதுப் பாலகனிடம் கொடுத்துவிட்டுக் காலத்தைக் குறை கூறுவது முறையா? வன்முறை விளையாட்டு கொடுஞ்செயலுக்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்றில்லை என 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம் அறிவித்தது. ஆயினும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்தோடு தொடர்பு உண்டு என்றும் அதே சங்கம் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

உண்மையான வில்லன் வேறிடத்தில் ஒளிந்திருந்தான். பணம் வைத்து ஆடவைத்து, உழைத்தவன் கூலியை உறிஞ்சிய இணையச் சூதாட்டந்தான் அவன்! அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025-ல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. திரையிலே பொய்க் கொள்ளை அடித்த பையனைப் பார்த்துப் பதறியவர்கள், வீட்டுக்குள்ளே நடந்த மெய்க் கொள்ளையைக் காணத் தாமதித்ததுதான் வேதனை!

ஆகவே, பெற்றோரே! கைபேசியைப் பிடுங்குவது எளிது. பக்கத்தில் அமர்வது அருமை. அமருங்கள். "நீ யார் வேடம் போட்டிருக்கிறாய்? அவன் ஏன் அப்படிச் செய்கிறான்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளை வேடத்தைக் கழற்றவும் அறிவான். விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்குத் தேவை தண்டனையன்று, துணை.