மயக்கமருந்துச் செவிலியராக விழைவோர்க்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அறுவைச் சிகிச்சைக்கு உட்படும் நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்து, அவர் கண்விழிக்கும்வரை மூச்சையும் நாடியையும் காத்து நிற்பவர் மருத்துவராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. செவிலியராகப் பதிவு பெற்று, பின்னர் இதற்கெனத் தனியே பயின்று தேர்ந்தவர்களும் இப்பணியை ஆற்றுகின்றனர். 'சி.ஆர்.என்.ஏ.' என்பது அவர்தம் பட்டம். அந்நாட்டின் சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றில் இவர்களையன்றி மயக்கமருந்து கொடுப்பார் வேறு எவருமில்லை. நம் பங்குக் குடும்பங்களிலிருந்து செவிலியராய் அங்குச் சென்று உழைக்கும் பெண்மக்கள் உண்டு. அவர்களுள் ஒருத்தி இப்படிப்பை விரும்பினால், அதன் வாயில் எத்தகையது என்பதை ஊரிலுள்ள பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

இப்பணியின் தொடக்கம் நம் கன்னியர் சபைகளோடு பிணைந்தது என்பதைப் பலர் அறியார். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில், ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி அறுவை செய்து காட்டினர். வலி அகன்றது; ஆயினும் மயக்கத்தால் நேர்ந்த மரணங்கள் அகலவில்லை. ஈதரைக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் மருத்துவ மாணவரிடம் விடப்பட்டது. அவர் கண்ணோ அறுவையாளரின் கத்திமேல் இருந்தது! நோயாளியின் முகத்தை மட்டுமே நோக்கியிருக்கத்தக்க ஒருவரை அறுவையாளர்கள் தேடியபோது, அருட்சகோதரிகள் முன்வந்தனர். பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரின் புனித வின்சென்ட் மருத்துவமனையில், 1877-இல் சகோதரி மேரி பெர்னார்டு இப்பொறுப்பை ஏற்றார். பெயர் அறியப்பட்டுள்ள மயக்கமருந்துச் செவிலியருள் முதல்வர் அவரே. மின்னசோட்டா மாநிலத்தில் பிரான்சிஸ்கன் சகோதரியர் 1889-இல் திறந்த புனித மரியன்னை மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிஸ் மகா அம்மையார், துறவியல்லர். 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கமருந்து கொடுத்தும், அதன் காரணமாக ஓர் உயிரும் போகவில்லை என்று 1906-இல் எழுதினார்.

மருந்தால் வலியைப் போக்குதல் ஆண்டவரின் பாடுகளில் பங்கு கொள்வதற்கு மாறானதோ என்னும் ஐயம் பக்தியுள்ளோர் உள்ளத்தில் எழுவதுண்டு. இத்தாலிய மயக்கமருந்தியல் சங்கத்தார் எழுப்பிய வினாக்களுக்கு 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியை வலிக்காகவே விரும்பி ஏற்கும் கடமை கிறிஸ்தவர்க்கு இல்லை என்று தெளிவுபடுத்தினார். இதனை இங்குக் குறிப்பதற்குக் காரணம், இத்தொழிலை ஒரு பிழைப்பாக மட்டுமே எண்ணும் போக்கு இக்காலத்தில் மிகுந்திருப்பதே.

மருத்துவர் தரப்பில் எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1936-இல் டாக்மர் நெல்சன் என்னும் செவிலியர்க்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. மருத்துவரின் மேற்பார்வை எவ்வளவு வேண்டும் என்பது இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றது.

இனி, வாயிலைக் காண்போம். முதலில், என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வில் வென்று, யாதொரு குற்றக்குறிப்பும் இல்லாத செவிலியர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அடுத்தது பட்டப்படிப்பு. நம் நாட்டில் ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் முடித்தவர், பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்ற பின்னரே இங்கு விண்ணப்பிக்க இயலும். வேதியியல், உடலியல், மருந்தியல் ஆகியவற்றின் மதிப்பெண்களைக் கல்லூரியார் கூர்ந்து நோக்குவர். பழைய மதிப்பெண் தாழ்ந்திருப்பின், அப்பாடத்தை அங்குள்ள கல்லூரி ஒன்றில் மீண்டும் படித்து உயர்த்திக் காட்டுவோர் பலர்.

இவற்றினும் பெரிது படுக்கையருகில் நின்ற அனுபவம். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேரப் பணி வேண்டும் என்பது விதி. சேர்ந்தவருள் மிகப்பலர் அதனினும் கூடுதலாக உழைத்தவரே. பொது வார்டில் எத்துணை ஆண்டு பணியாற்றியிருப்பினும் அது கணக்கில் வாராது. ஏன் இந்தப் பிடிவாதம்? தீவிர சிகிச்சைப் பிரிவின் நோயாளி வென்டிலேட்டரால் மூச்சு விடுகிறார். அவருடைய இரத்த அழுத்தம் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்தினால் நிற்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு அழுத்தம் சரியும்போது, மருத்துவர் வந்து சேருமுன் காரணத்தை உய்த்துணரும் மனம் ஒன்று வேண்டும். இரத்தம் குறைந்ததா, இதயம் தளர்ந்ததா, மருந்து மிகுந்ததா? அறுவை அரங்கில் இதே வினா சில நொடிகளில் எழும். அங்கு விடையைக் கற்றுக்கொள்ள நேரமில்லை. ஆதலால் நம் மகள் எந்தப் பிரிவில் பணிபுரிகிறாள் என்பதே முதல் கேள்வி. கடும் நோயாளிகளை ஏற்கும் பெரிய மருத்துவமனையின் இரவுப்பணி, வசதியான பகற்பணியைவிட இதற்குப் பயன் தரும்.

சி.சி.ஆர்.என். என்னும் சான்றிதழ் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. இரண்டாண்டுக்குள் 1,750 மணி நேரம் கடும் நோயாளிகளைப் பேணியவர் அத்தேர்வை எழுதலாம். தலைமைச் செவிலியரின் பரிந்துரைக் கடிதம், ஒரு மயக்கமருந்துச் செவிலியருடன் அறுவை அரங்கில் சில நாள் நின்று கண்ட சான்று ஆகியவையும் வேண்டப்படும். நேர்முகத்தில் மருந்துகளைப் பற்றிக் கேட்பர். தவறு நேர்ந்த ஒரு வேளையில் என் செய்தாய் என்றும் கேட்பர். மறைத்துப் பேசுவோரை அவர்கள் எளிதில் கண்டுகொள்வர்.

சேர்ந்தபின் மூன்றாண்டு. 2022 ஜனவரி முதல் புதிதாய்ச் சேரும் அனைவர்க்கும் இது முனைவர் பட்டப் படிப்பு. குறைந்தது 2,000 மணி நேர நேரடிப் பயிற்சியும் உண்டு. அக்காலத்தில் வேலை செய்து பொருளீட்டுதல் ஏறக்குறைய இயலாது. கட்டணமும் செலவும் சேர்ந்து ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் கடனாகவே நிற்கும்.

பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இங்கேதான் உள்ளது. மாதந்தோறும் மகள் அனுப்பும் பணத்தில் தம்பியின் கல்லூரியும் தங்கையின் திருமணமும் நடக்கும் குடும்பங்கள் பல. மூன்றாண்டு அந்தப் பணம் நின்றுவிடும் என்பதை அவள் சொல்ல அஞ்சுகிறாள். ஊரார் கேட்க விரும்புவதில்லை. பின்னர் பெருஞ்சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில் கடன்மேல் கடன் வாங்கி, வீட்டுக்கும் அனுப்பி, படிப்பிலும் தளர்ந்தால் இரண்டும் கெடும். வீட்டுக் கடனை முன்னதாகத் தீர்த்து, மூன்றாண்டுக்கு எதுவும் கேளோம் என்று தந்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அது எந்தப் பரிந்துரைக் கடிதத்தினும் பெரிய உதவி என்பது நம் கருத்து. மணமானவளாயின் கணவரும் இதே சொல்லைச் சொல்லுதல் வேண்டும்; குழந்தைகளை உறங்கவைக்கும் பொறுப்பும் அவருடையதாகும்.

மற்றொன்றையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவில் மயக்கமருந்து கொடுப்பது அதற்கெனப் பயின்ற மருத்துவரின் பணியாகவே உள்ளது. செவிலியர்க்கு அப்பதவி இல்லை. இப்பட்டத்துடன் ஊர் திரும்பினால், இங்குள்ள அறுவை அரங்கில் அந்த வேலையைத் தொடர இயலாது. திரும்பும் எண்ணம் உடைய குடும்பத்தார், விண்ணப்பத்தாளை நிரப்புமுன் இதனை உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.