படிப்பும் பாடும்

பட்டப் படிப்பை முடித்த மகனையோ மகளையோ அடுத்து எங்கே அனுப்புவது என்பது ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நம் குடும்பங்களில் எழும் கேள்வியாகும். கணினி, வங்கித் தேர்வு, செவிலியர் பயிற்சி, வெளிநாடு என்று பல வழிகள் பேசப்படும். அவ்வேளையில் பிள்ளை, “நான் சமுதாய வளர்ச்சி படிக்கப் போகிறேன், படிப்போடு சேர்த்து இரண்டாண்டு மக்களிடையே பணியும் செய்யப் போகிறேன்” என்று கூறினால் வீட்டில் ஓர் அமைதி நிலவும். தந்தை கல்விக் கடனை எண்ணுவார். தாய் திருமணத்தை எண்ணுவார். “முதலில் வேலை; சேவையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே” என்று உறவினர் அறிவுரை கூறுவர்.

இக்கவலைகளை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவை நியாயமானவையே. ஆயினும் அப்பிள்ளை விரும்புவது எத்தகைய கல்வி, அதனால் நன்மை அடைவோர் யாவர் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையன்றோ?

அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், மீஞ்சூரை அடுத்து அனுப்பம்பட்டு என்னும் சிறிய நிலையம் வரும், அதற்கடுத்தது பொன்னேரி. வயல்கள் சூழ்ந்த இப்பகுதியைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல மண் உவர்க்கும். காற்றில் மீன் வாடை கலக்கும். பழவேற்காடு ஏரி கண்ணுக்குத் தெரியும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளன. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். மகிமை மாதா திருத்தலத்தை நாடி நம் மக்கள் இன்றும் செல்கின்றனர். இந்த ஏரிக்கரையை மனத்தில் நிறுத்திக்கொண்டு நம் கேள்விக்கு விடை தேடுவோம்.

பணி முன்னே, பள்ளி பின்னே

சமூகப்பணிக் கல்வி நம் நாட்டிற்கு வந்த வரலாறே ஒரு பாடமாகும். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்க மறைப்பணியாளர் 1927-இல் பம்பாயின் நாக்பாடா பகுதியில் உழைக்கும் மக்களுக்காக ஒரு அண்டை அயலார் இல்லத்தை நிறுவினார். அங்குப் பெற்ற பட்டறிவின் பயனாகவே 1936-இல் சர் தோராப்ஜி டாட்டா பெயரால் நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்விக்கூடம் தோன்றியது. அவரே அதன் முதல் இயக்குநர். இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று விளங்குவது அதுவே. முதலில் பணி, பின்னரே பள்ளி என்னும் வரிசையை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

தமிழகத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். சிற்றூர் மக்களுக்கு மருத்துவமும் ஆதாரக் கல்வியும் கைத்தொழிலும் அளித்து வந்த அவ்விடத்தில், 1956-இல்தான் கிராமியக் கல்வி நிலையம் உருவாயிற்று. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. அம்மையார் அதற்கு முன்னரே பல ஆண்டுகள் தொண்டு நிலையங்களை நடத்திப் பழகியவர்.

நம் திருச்சபையின் மாணவர் இயக்கமும் இவ்வழியில் நடந்ததுண்டு. 1924-இல் தோன்றிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேரவையில், 1950-களிலும் 60-களிலும் வழிகாட்டியாயிருந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு பியேர் செராக் அடிகள், கல்லூரி மாணவர்களை வேலை முகாம்களுக்கு அழைத்துச் சென்றார். மண் சுமந்த கைகளோடு வகுப்பறைக்குத் திரும்பிய மாணவர் பலர். 2012-இல் தம் 98-ஆம் வயதில் சென்னையில் இறைவனடி சேர்ந்த அவரை நம் மூத்த வாசகர்கள் நன்கு அறிவர். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல் அரசு நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியபோது, அவ்வெண்ணம் எல்லா மாணவருக்கும் உரியதாயிற்று.

அரசின் அனுபவம் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் பெரும் ஆர்வத்தோடு தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1957-இல், அதனை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் பங்கேற்பு போதவில்லை என்று கண்டு, அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிகளிடம் செல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. திட்டம் தீட்டியவர் திறமையற்றவர் அல்லர். மக்களுக்காகச் சிந்தித்தனர், மக்களோடு அமர்ந்து சிந்திக்கவில்லை.

இரண்டும் இணைந்த கல்வி

இன்று சமூகப்பணி முதுகலை பயிலும் மாணவர் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாளேனும் களத்தில் இருத்தல் வேண்டும். இவற்றோடு சிற்றூர் முகாமும் உண்டு. இதனினும் ஆழமாகப் பணியையும் படிப்பையும் பிணைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. 2012-இல் நடுவண் அரசு பிரதமர் பெயரால் ஊரக வளர்ச்சிப் பணிக்கென இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, வன்முறையால் அல்லலுற்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு அனுப்பியது. மாவட்ட ஆட்சியரோடு பணியாற்றிய அவர்களுக்கு, டாட்டா நிறுவனம் பயிற்சி அளித்து முதுகலைப் பட்டத்திற்கும் வழி செய்தது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் முப்பது இளைஞர்கள் இரண்டாண்டுப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திருச்சியிலுள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பொறுப்பை ஏற்றது. மாத ஊதியமும் உண்டு. முடிவில் பொதுக்கொள்கையில் முதுகலைச் சான்றிதழும் உண்டு.

அயல்நாட்டிலும் இதைக் காண்கிறோம். 1961-இல் அமெரிக்கா தொடங்கிய அமைதிப் படையில் இளைஞர்கள் இரண்டாண்டு பிற நாட்டுச் சிற்றூர்களில் தொண்டு செய்வர். 1976 வரை நம் நாட்டிலும் அவர்கள் பணியாற்றினர். 1985-இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரி, அவ்வாறு தொண்டாற்றித் திரும்பியவர்களுக்கெனத் தனியொரு மேற்படிப்பு வழியைத் திறந்தது. பின்னர்ப் பல பல்கலைக்கழகங்கள் அதனைப் பின்பற்றின. பணியனுபவமும் கல்வித் தகுதியே என்பதை அவை ஏற்றுக்கொண்டன.

ஏரி கற்பிப்பது யாது?

இவ்விரண்டும் ஏன் இணைய வேண்டும்? பழவேற்காட்டு மீனவரின் ‘பாடு’ முறை இதற்குத் தக்க சான்றாகும். நம் மொழியில் பாடு என்றால் உழைப்பு, துன்பமும் அதுவே. தவக்காலந்தோறும் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் நமக்கு அச்சொல் புதிதன்று. ஏரிக்கரையிலோ அதற்கு மற்றுமொரு பொருள் உண்டு: மீன்பிடிக்கும் முறை.

கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் உள்ளன. அங்குக் கழிகளை நட்டுச் சுத்து வலை கட்ட எல்லாரும் முந்தினால் சண்டையே மிஞ்சும். எனவே ஊரார் சீட்டுக் குலுக்கி, இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நாள் என்று வகுத்துக்கொள்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இவ்வுரிமையில் முதன்மையானவை. ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்ட ஆண்மகனுக்கே முறை வரும்.

நூல்களை மட்டுமே கற்ற மாணவர் ஒருவர் இதனைக் கேள்விப்பட்டால், “அரசின் துணையின்றி மக்களே வளத்தைப் பகிரும் அரிய முறை” என்று புகழ்ந்து எழுதிவிடுவார். சமத்துவம் பற்றி மட்டுமே கற்ற மற்றொருவர், “இதில் பெண்களுக்கு இடமில்லை, நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு இடமில்லை, ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தபோது இடம்பெயர்ந்து வந்தவர்க்கும் இடமில்லை, ஆகவே ஒழிக” என்று எழுதிவிடுவார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவருமே பாதியை விட்டுவிட்டனர்.

ஓராண்டு ஏரிக்கரையில் தங்கும் மாணவரோ வேறு பலவற்றையும் காண்பார். இந்த ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால், கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வாராது. சீட்டில் நல்ல இடம் வாய்த்தவர்க்கும் வலை வெறுமையாகும். அப்போது குடும்பம் யாரிடம் கடன் வாங்குகிறது? கடன் கொடுத்த வியாபாரியே மீனுக்கும் விலை வைக்கிறாரா? கணவனை இழந்தவளின் வீட்டிற்கு ஊர் என்ன செய்கிறது? முறை பெறாத ஊரார் எந்த இரவில், எந்த வலையோடு ஏரிக்குள் இறங்குகின்றனர்? வினாத்தாள் நீட்டிய முதல் நாளில் எவரும் இவற்றிற்கு விடை கூறார். கரையேறும் மீனைத் தரம் பிரிக்கக் கூட அமர்ந்தவருக்கே, திருநாளிலும் துக்க வீட்டிலும் கூட நின்றவருக்கே மெல்ல மெல்லக் கூறுவர்.

அதே வேளையில் தங்கியிருத்தல் மட்டும் போதுமா? போதாது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டே பகிர்கின்றன என்பதை நூலகமே கூறும். முகத்துவாரம் ஏன் அடைகிறது, ஆரணியாறும் காலங்கியாறும் கொணரும் நன்னீர் குறைந்தால் ஏரி என்னாகும், வடக்கே எல்லை தாண்டினால் எச்சட்டம், தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் எழுந்த துறைமுகங்களால் கரை எவ்வாறு மாறும் என்பவற்றை அறியப் படிப்பு வேண்டும். படிப்பில்லாத இரக்கம் ஓராண்டு அரிசியும் ஒரு வலையும் கொடுத்து ஓய்ந்துவிடும். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிய பின்னர்த் தமிழகக் கரையெங்கும் படகுகளும் வலைகளும் வந்து குவிந்ததை நாம் மறந்துவிடவில்லை. கொடுத்தவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தனர். எந்தக் கரைக்கு எந்தப் படகு என்று கேட்டறிந்து கொடுத்தவர் சிலரே.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் மக்களின் முன்னேற்றம் குறித்து எழுதிய சுற்றுமடலிலும் இக்கருத்தைக் காண்கிறோம். வளர்ச்சிப் பணிக்குச் செல்லும் வல்லுநர்க்குத் திறமை இன்றியமையாதது. ஆனால் அன்பில்லாத திறமை போதாது. அவர் எசமானராகச் செல்லலாகாது, உடனுழைப்பாளராகவே செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து.

எண்ணிச் சென்றோரும் தங்கி நின்றோரும்

மீனவக் குப்பங்களில் கணக்கெடுக்க வருவோருக்குக் குறைவில்லை. வீட்டின் கூரை ஓடா கீற்றா, கழிப்பறை உண்டா, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதிச் செல்வர். மாணவர்க்குப் பட்டம் கிடைக்கும். கட்டுரை நூலகத்தில் உறங்கும். விடை சொன்ன தாய்க்கு அதில் என்ன எழுதப்பட்டது என்பதுகூடத் தெரியாது. பின் அடுத்த ஆண்டு மற்றொரு குழு வந்து அதே கேள்விகளைக் கேட்கும். ஏழையின் நேரமும் ஏழையின் துயரமும் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல்கள் என்று நாம் கருதிவிடலாகாது.

இதற்கு மாறாக நின்றவர்களும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராயிருந்த பி. ஜே. சஞ்சீவராஜ் பல்லாண்டுகள் இவ்வேரியை நாடி வந்து ஆராய்ந்தவர். ஏரியின் உயிரினங்கள் பற்றிய அவரது நூலை 2006-இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. ஒரு முகாமில் இத்தகைய அறிவு விளைவதில்லை. ஓர் ஏரிக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வருவதால் விளைகிறது.

பெற்றோர்க்கும் பங்குகளுக்கும்

பெற்றோரின் முதற்கவலை பிழைப்பு. மருத்துவமனைகளிலும் சிறார் நல அமைப்புகளிலும் சமூகப்பணி பயின்றோர்க்கு இடமுண்டு. ஐந்நூறு தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணத்தை நேர்மையாகவும் அறிவோடும் செலவிட ஆட்கள் தேவை. பெருஞ்செல்வம் சேரும் என்று நாம் உறுதி கூறவில்லை. வாழ வழியில்லை என்பதும் உண்மையன்று.

பங்குகள் செய்யக்கூடியதும் உண்டு. கரையோரப் பங்குகள் இத்தகைய மாணவர்க்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, பாதுகாப்பான தங்குமிடம் தரலாம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் மகளிர் குழுக்களிடமும் அவர்களை அழைத்துச் சென்று அறிமுகம் செய்யலாம். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே இப்படிப்பில் சேர்வதற்கு உதவித்தொகை திரட்டுவது எல்லாவற்றினும் மேலானது. பாட்டின் இரு பொருளையும் வீட்டிலேயே கற்ற பிள்ளைக்குக் கல்லூரி அளிக்கவேண்டியது மறு பாதியை மட்டுமே.

கல்லூரிகளுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. குப்பத்தில் ஆய்வு செய்த மாணவர், தம் முடிவை அக்குப்பத்து மக்கள் முன்னிலையில், ஆலய முற்றத்திலோ வலைக்கூடத்திலோ, எளிய தமிழில் வாசித்துக் காட்டட்டும். “இது சரி; இது தவறு; இதை நீ எழுதாமல் விட்டுவிட்டாய்” என்று மீன் விற்கும் தாய்மார் எழுந்து கூறட்டும். அவ்வுரையையும் சேர்த்து எழுதிய பின்னரே கட்டுரை பல்கலைக்கழகத்திற்குச் செல்லட்டும். தேர்வாளர் இருவர் கையொப்பமிடும் ஏட்டில் ஏரிக்கரையின் மதிப்பீடும் இடம்பெற வேண்டும்.