கடை கற்றுத்தராத பாடம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் கடைகளில் வியாபாரப் பேச்சைவிடக் கல்லூரிப் பேச்சே அதிகம். சென்ற ஆண்டு மளிகைக்கடை நடத்தும் நண்பர் ஒருவர் நம்மிடம் வருத்தப்பட்டார். "பொண்ணு பி.ஏ. வரலாறுதான் படிப்பேன்னு நிக்கிறா அண்ணாச்சி. பி.காம். படிச்சாலாவது கடைக் கணக்குப் பார்க்கலாம். ராஜா ராணி கதை படிச்சு என்ன பண்றது?"

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நண்பரின் கவலையில் நியாயம் இருக்கிறது. கல்லாவிலிருந்து எடுத்துக் கட்டணம் கட்டுகிறவர் பலன் கேட்பதில் தவறில்லை. ஆனால் எது பலன் என்பதை நிதானமாக எடைபோட வேண்டும்.

தொழிற்பயிற்சி காலத்தோடு மாறும் சரக்கு. நம்மில் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தோம். இன்று அவற்றைக் கேட்பார் அரிது. விற்பனை வரியைக் கரைத்துக் குடித்திருந்தோம். 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. அது பழகியபின் 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு முறையும் தடுமாறாமல் நின்றவர், புதியதைத் தாமே படித்து, ஏன், எதற்கு என்று கேட்கத் தெரிந்தவரே. அந்தப் பழக்கத்தைத் தருவது பரந்த படிப்பு. ஒரே செய்தியை இருவர் இருவிதமாகச் சொன்னால் எது நம்பத்தக்கது என்று ஆராய வரலாறு பழக்குகிறது. பிறர் மனத்தை அறிய இலக்கியம் உதவுகிறது. கடனுக்குச் சரக்குக் கேட்டு வருபவரிடம் நாம் பார்ப்பதும் இவற்றைத்தானே?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். விருதுநகரில் நாடார் வணிகர்களின் முயற்சியால் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. வியாபாரத்தில் எடுத்துவைத்த மகமைப் பணமும், வீடுதோறும் சேர்த்த பிடி அரிசியும் அந்நாளில் அதைத் தாங்கின. தராசு பிடிக்கவும் பேரேடு எழுதவும் அந்தப் பிள்ளைகளுக்குக் கடையே போதும்; பள்ளிக்கூடம் தேவையில்லை. ஆனால் பல கோயில்களில் நுழையக்கூட அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. பணம் மட்டும் மரியாதை தராது, தலைநிமிர்ந்து பேசப் படிப்பும் வேண்டும் என்பதை அவர்கள் பட்டு உணர்ந்தார்கள். 1947-ல் அதே ஊரில் செந்திக்குமார நாடார் கல்லூரியும் எழுந்தது.

"காமராஜர் படித்தா முதல்வரானார்?" என்று சிலர் கேட்கலாம். அவர் அந்த வித்தியாசாலையில் பயின்றவர்தான். சிறுவயதில் படிப்பு நின்று மாமாவின் துணிக்கடையில் உட்கார நேர்ந்தது. விட்டதைப் பத்திரிகைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் தேடிக் கற்றார். முதலமைச்சரானபின், பசியால் எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக்கூடாது என்று 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். படிப்பின் அருமை அதை இழந்தவருக்குத்தான் தெரியும்.

பி.காம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை விரும்பும் பிள்ளை அதையே படிக்கட்டும். கூடவே நாலு நல்ல புத்தகமும் படிக்கட்டும். நண்பரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "கணக்கை நீங்களே சாயங்காலம் கடையில் சொல்லிக்கொடுங்கள். உங்களால் சொல்லிக்கொடுக்க முடியாததைக் கல்லூரியில் கற்றுவரட்டும்."

அரை மனதோடுதான் சேர்த்தார். அண்மையில் பார்த்தபோது அவராகவே பேச்செடுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ரோமாபுரி வணிகர்களின் கப்பல்கள் பொன்னோடு முசிறித் துறைமுகத்துக்கு வந்து மிளகு வாங்கிச் சென்றதை, கடை சாத்தும் நேரத்தில் மகள் சொன்னாளாம். "முப்பது வருஷமா மிளகு பொட்டலம் கட்டுறேன் அண்ணாச்சி. அதுக்கு இவ்வளவு பெரிய கதை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அவர் முகத்தில் அன்று பழைய வருத்தம் இல்லை.

உறுப்பினர்களே, விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.