பயிற்சிக் கொப்பியில் கையெழுத்து வைக்கும் முன்

தேயிலைத் தொழிற்சாலையில் பெல்ட்டில் கை சிக்கிய பையனைப் பற்றிக் கேட்டால், தோட்டத்திலிருந்து வரும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: “பயிற்சி கொடுத்தோமே, அவன்தான் கவனிக்கவில்லை.” ஆதாரமும் காட்டுவார்கள். ஒரு தாள். மேலே அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் பத்து வரி, கீழே வரிசையாகக் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீசில் நாலைந்து கடுதாசியோடு சேர்த்து நீட்டியபோது அவன் போட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, அப்புத்தளை என்று பதுளை மாவட்டத்தில் எந்த மலையை எடுத்தாலும் இப்படி ஒரு கதை உண்டு. மருந்தடிக்கப் போனவர், கவ்வாத்து வெட்டப் போனவர், குளவிக்கூடு தொங்கிய மரத்துக்கு நேராக நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவர். ஆளும் காயமும்தான் மாறும். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து, நாலு நாள் லயத்தில் ஓய்வு. சங்கத் தலைவர் வந்து “துரையோடு பேசிவிட்டேன்” என்பார். ஒரு சிறு தொகை கைக்கு வரும். வருடம் ஒன்று போனபின் விரல் மடங்கவில்லை என்று கடுதாசி தேடுவார்கள். இருக்காது.

தோட்ட வேலையை யாரும் வகுப்பில் உட்கார்ந்து படிப்பதில்லை. மலையில்தான் படிக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. செய்யும் வேலையைச் செய்யும் இடத்திலேயே கற்றுக்கொடுப்பதைவிட நல்ல வழி கிடையாது. 1940களில் போருக்காகத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைக் குவித்த அமெரிக்கா கண்ட முறையும் அதுதான்: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்ய வை, பிறகு போய்ப் பார். நம்முடைய மலைகளில் நடப்பது இரண்டாவதில் பாதி மட்டுமே. பக்கத்து நிரை அக்கா காட்டித் தருவது, எப்படி வேகமாக எடுப்பது, எப்படிக் கிலோ சேர்ப்பது என்பதைத்தான். எங்கே கால் வைக்கக்கூடாது, எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பதெல்லாம் அடிபட்டபின் தெரிந்துகொள்ளும் பாடம். அந்த அக்காவைக் குறை சொல்ல வரவில்லை. கற்றுக்கொடுப்பது அவருடைய வேலையும் இல்லை, அதற்காக அவருக்கு அரைப் பேர்கூட அதிகம் விழுவதில்லை.

மருந்தடிப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பீலிப் பக்கம் டேங்கை இறக்கி வைத்து, போத்தல் மூடியால் மருந்தை அளந்து ஊற்றி, கையில் கிடைத்த குச்சியால் கலக்குகிறார்கள். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு பழைய துணி. அந்தத் துணிதான் முதலில் நனைகிறது. நனைந்தபின் மருந்தை வாயோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. டேங்கின் வாசர் தேய்ந்து முதுகில் ஒழுகினால், ஒழுகியபடியே பொழுது முடிகிறது. இதைத் திருத்த கொழும்பிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. காலை பிரட்டில் கங்காணி பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: லேபலைத் தமிழில் வாசித்துக் காட்டுவது, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது, புது ஆளை வெறும் தண்ணீர் ஊற்றிய டேங்கோடு ஒரு நிரை நடக்க விடுவது. கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தால் அதைக் கேட்டு வாங்குவதும் இதோடு சேர்ந்தது. இங்கே விற்கும் மருந்துப் போத்தலில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் லேபல் இருக்க வேண்டும். லேபல் இல்லாத கலனில் ஊற்றிக் கொடுத்தால் தொடாதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது?

பரகுவாட் இந்த நாட்டில் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது 2008க்கும் 2011க்கும் இடையில். கிளைபோசேட்டை 2015இல் தடுத்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், பிறகும் ஒரு தடை, ஒரு தளர்வு. சட்டம் இப்படிப் போய் வரும்போது, போன வருடம் அடித்ததுதான் இந்த வருடமும் டேங்கில் இருக்கிறது என்று மருந்தடிக்கிறவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மருந்து மாறினால் பயிற்சியும் புதிதாக நடக்க வேண்டும். பத்து வருட அனுபவம் அந்த இடத்தில் உதவாது.

சட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லி அலுப்பூட்டப் போவதில்லை, இரண்டு விஷயம் மட்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கு உண்டு. ஆபத்தான இயந்திரத்தில் இளவயதினரை நிறுத்துவதானால், அதிலுள்ள ஆபத்தை முழுதாக விளக்கியிருக்க வேண்டும்; அதோடு, போதிய பயிற்சி பெற்றவராகவோ நன்கு தெரிந்த ஒருவரின் மேற்பார்வையிலோ அவர் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கையெழுத்து வாங்கினால் போதும் என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டாவது, அந்தச் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. மலைக்கு ஏறாது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் கவ்வாத்து ஆளுக்கும் அதில் இடமில்லை. தோட்டங்களில் பெரும்பான்மையானோர் மலையில்தான் நிற்கிறார்கள் என்பது இத்தனை வருடமாகச் சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

மலைக்கும் தொழிற்சாலைக்கும் பொதுவாக இருப்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் ஏற்படும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவரும் இதில் அடக்கம். 2022இல் செய்த திருத்தத்தால் உச்சத் தொகை 5,50,000 ரூபாயிலிருந்து 20,00,000 ரூபாயாகியிருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் உள்ளே வந்திருக்கிறது. லொறியில் நின்றபடி மலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உச்சத் தொகை எல்லோருக்கும் கிடைக்காது. காயத்தின் அளவையும் சம்பளத்தையும் பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால்தான் சம்பளச் சிட்டையை அடுப்பு மூட்டப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சித் தாளில் ஆபத்து எங்கே என்றால் இங்கேதான். பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினால், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றினால், குடித்துவிட்டு வேலை செய்தால், முதலாளி நட்டஈட்டை மறுத்துப் பார்க்க இடம் உண்டு. “கட்டளை சொன்னோம், இதோ கையெழுத்து” என்று அந்தத் தாளை நீட்டுவார்கள். ஆகவே பயிற்சி நடக்காமல் கையெழுத்து வேண்டாம். வைத்தே ஆக வேண்டிய நிலை என்றால், பக்கத்தில் திகதியோடு “வாசித்துக் காட்டவில்லை” என்றோ “இயந்திரத்தில் செய்து காட்டவில்லை” என்றோ தமிழில் ஒரு வரி எழுதுங்கள். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பயிற்சி உண்மையாகவே நடந்திருந்தால் யார் காட்டினார், எந்த இயந்திரம், எந்தத் திகதி என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வையுங்கள், தப்பே இல்லை. கங்காணிக்கும் அது நல்லது. நாளைக்கு அவர் தலையில் பழி விழாது.

இனி, விபத்து நடந்த அன்று. இதைத்தான் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

டிஸ்பென்சரியோடு நிற்காதீர்கள். பெரிய காயமோ, குளவி பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மருந்து உடம்பில் ஏறியிருந்தாலோ 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. மருந்து என்றால் போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள். பதுளை போதனா வைத்தியசாலையோ தியத்தலாவையோ, எங்கே சேர்த்தாலும் டொக்டர் கேட்கும் முதல் கேள்வி, எப்படி நடந்தது என்பதுதான். அங்கே பொய் சொல்லாதீர்கள். “வீட்டுப் படியில் விழுந்தேன் என்று சொல், தோட்டத்துக்குப் பிரச்சினை வேண்டாம்” என்று கூட வந்தவர் காதில் சொல்வார். அந்த ஒரு வார்த்தை டிக்கெட்டில் எழுதப்பட்டால் பிறகு எந்தக் கந்தோரும் அதை அழிக்காது. வேலையில் நடந்தது என்று சொல்லுங்கள், ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன், வீட்டில் விழுந்ததாகச் சொல்லாதீர்கள்.

அதே நாளோ மறுநாளோ தோட்ட முகாமையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பெரிய கடிதம் வேண்டாம். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், செக்ரோல் இலக்கம், திகதி, நேரம், எந்த இலக்க மலை அல்லது எந்த இயந்திரம், அப்போது என்ன வேலை, வேலை சொன்னவர் யார், பார்த்தவர்கள் இருவர். இரண்டு பிரதி. ஒன்றில் “கிடைத்தது” என்று கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வையுங்கள். தலைவரிடம் வாயால் சொன்னது அறிவித்தல் ஆகாது.

தொழிற்சாலைக்குள் நடந்தது என்றால் இன்னொன்றும் உண்டு. உயிர் போனாலோ, ஒருவர் தான் செய்துவந்த வேலையில் மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ, அந்த மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்குத் தோட்டம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ரோலரில் நின்றவரை மூன்றாம் நாளே கூப்பிட்டு வாசல் கூட்ட வைத்துப் பேர் போடுவது இந்த அறிவித்தலைத் தவிர்க்கும் பழைய தந்திரம். செய்துவந்த வேலை ரோலர் வேலை, கூட்டுகிற வேலையல்ல. அறிவித்தல் போனதா என்று பதுளைத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். வாய்ப்பதில் வேண்டாம், எழுதிக் கேளுங்கள். அங்கே “அடுத்த வாரம் வாங்க” என்பது ஒரு நோய். எழுதிய கடிதம்தான் அதற்கு மருந்து.

நட்டஈட்டுக்குத் தொழில் அலுவலகம் போய் நிற்பதோ, தொழில் நியாயசபையில் வழக்கு வைப்பதோ பயன் தராது. சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வேலைநீக்கம் எல்லாம் அங்கே. நட்டஈட்டுக்கு உரியவர் கொழும்பில் இருக்கும் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர். விண்ணப்பம் அவருக்குத்தான் போக வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு. காயம் ஆறட்டும், பெருநாள் போகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, உடல் ஊனத்தின் அளவு பற்றிய டொக்டரின் அறிக்கை, விபத்துக்கு முந்தைய மாதங்களின் சம்பளச் சிட்டைகள், முகாமையாளருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி ஆகியவற்றை விண்ணப்பத்தோடு சேருங்கள். மூலத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள், பிரதியை அனுப்புங்கள். சேமலாப நிதியிலிருந்து பணம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம். நட்டஈட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை.

“இனி எதுவும் கேட்க மாட்டேன்” என்று எழுதி வாங்கும் வழக்கமும் இருக்கிறது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. செல்லாதுதான், ஆனாலும் கையெழுத்து வைக்காதீர்கள். அதைச் செல்லாததாக்க நீங்கள்தான் கொழும்புக்கும் பதுளைக்கும் பஸ் ஏற வேண்டிவரும். கொந்தரப்பு ஆள் என்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் நம்பாதீர்கள். தோட்டத்தின் வழமையான வேலையைக் கொந்தரப்புக்காரர் மூலம் செய்வித்தாலும் தோட்டத்திடம் கேட்க வழி இருக்கிறது. கொந்தரப்பு ஆட்களுக்குத்தான் பயிற்சி என்பதே கிடையாது. எந்தத் தோட்டத்துக்கு எந்த நாள் என்று தெரியாமல் வருகிறவர்களுக்குக் கூடு எந்த மரத்தில் என்று எப்படித் தெரியும்?

உயிர் போயிருந்தால் நடைமுறை வேறு. நட்டஈட்டைத் தோட்டம் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிக்க முடியாது. ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவரே தங்கியிருப்போருக்குப் பகிர்ந்து கொடுப்பார். செத்த வீட்டுச் செலவுக்கென்று தோட்டமும் சங்கமும் கொடுப்பது உதவி. வாங்கிக்கொள்ளுங்கள், அது நட்டஈடு என்று எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தங்கியிருப்போர் யார் என்று கிராம உத்தியோகத்தர் தரும் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். விவாகப் பதிவு இல்லாத குடும்பங்கள் லயங்களில் நிறைய உண்டு. அவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் முதல் வாரமே போவது நல்லது.

எல்லாக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் கேட்கும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. விசாரணைக்கு வரச் சொல்லிச் சிங்களத்தில் கடிதம் வந்தால் “விளங்கவில்லை” என்று அதைப் பெட்டிக்குள் போடாதீர்கள். யாரிடமாவது காட்டித் திகதியை அன்றே தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்ப் பிரதி கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், அது வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் திகதியில் போய் நில்லுங்கள்.