மிஞ்சிய மூன்று பேர்

ஒரு பள்ளி 1,003 பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், ஒரு தடவைக்கு 100 பேருக்குத்தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தொகுதி முழுசாகப் போனபின் மூன்று பேர் மிஞ்சுவார்கள். பட்டியலை இப்படிக் கூறுபோட, பைத்தான் மொழியில் யாரும் எடுத்தாளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள் பல உண்டு. ‘டூல்ஸ்’ லைப்ரரியின் ‘பார்ட்டிஷன்’ என்ற ஃபங்ஷனைச் சும்மா அழைத்தால் அந்த மூன்று பேருக்கும் செய்தி போகாது. ஏதோ விட்டுப்போனது என்ற எச்சரிக்கையும் வராது. ‘மோர்-இட்டர்டூல்ஸ்’ தரும் ‘சங்க்டு’ அந்த மூவரையும் கடைசியில் ஒரு சின்னத் தொகுதியாகக் கொடுத்துவிடும். ‘போல்டன்ஸ்’ லைப்ரரியிலும் ‘சங்க்டு’ உண்டு, அதுவும் மூவரை விடாது. ஆனால் எல்லாத் தொகுதிகளையும் மொத்தமாகச் சேர்த்த பிறகே கையில் கொடுக்கும். ஆயிரம் பேருக்கு அது பொருட்டே இல்லை. பல ஜிபி பதிவுக் கோப்பென்றால் கணினியின் நினைவகம் திணறும். அதற்காகவே, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இன்னொரு வடிவமும் அதே லைப்ரரியில் இருக்கிறது.

நிரல் எழுதக் கற்பவர்கள் ஒரே லைப்ரரியை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சின்ன வேலையை மூன்று லைப்ரரிகள் எப்படிச் செய்கின்றன என்று அருகருகே வைத்துப் படிப்பது மேல் என்கிறேன். ‘டூல்ஸ்’ செய்வது பிழையல்ல. எல்லாத் துண்டும் ஒரே நீளம் என்று அது வாக்குக் கொடுக்கிறது. மிச்சமும் வேண்டுமென்றால் ‘பார்ட்டிஷன்_ஆல்’ இருக்கிறது. ஒன்றை மட்டும் படித்தவருக்கு அதன் வழக்கமே இயற்கை நியதியாகத் தெரியும். இரண்டாவதைப் படிக்கும்போதுதான், மிச்சத்தை என்ன செய்வது என்று யாரோ யோசித்து முடிவெடுத்திருக்கிறார் என்பது புலப்படும். பெயரும் நம்மை ஏமாற்றும்: ‘மோர்-இட்டர்டூல்ஸ்’ லைப்ரரியில் ‘பார்ட்டிஷன்’ என்பது நிபந்தனைக்கு உட்படாதவை, உட்பட்டவை என்று இரண்டாகப் பிரிப்பது. வேலையே வேறு.

பட்டியலைக் கூறுபோடும் வசதியைப் பைத்தானே தரும்போது இந்த லைப்ரரிகளை ஏன் புரட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் ‘பேட்ச்டு’ சேர்ந்தது. மூவரை விடாமல் தரும். ஆனால் எல்லாத் தொகுதியும் முழுசாக இருந்தே ஆகவேண்டிய இடமும் உண்டு. குறைந்தால் பிழை என்று நிறுத்தும் ‘ஸ்ட்ரிக்ட்’ வசதி பைத்தானில் அடுத்த பதிப்பான 3.13-இல்தான் வந்தது, ‘மோர்-இட்டர்டூல்ஸ்’ அதை முன்பே வைத்திருந்தது. வெளியே புழங்கித் தேறியதுதான் பல நேரம் மொழிக்குள் வருகிறது. செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே என்பாரும் உண்டு. அது தரும் நாலு வரியில் ‘பார்ட்டிஷன்’ இருந்தால், 1,000 பெயர் கொண்ட சோதனைப் பட்டியலில் எல்லாம் சரியாகவே ஓடும். 1,003 வரும் நாளில் விடுபடும் மூன்று வீடுகளை, இந்த வேறுபாட்டை முன்பே பார்த்த கண்தான் கண்டுபிடிக்கும்.