நெட்டையர் காலும் மோட்டார் சைக்கிள் மிதியும்

தாழ்வான முக்காலியில் நெட்டையான ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய முழங்கால்கள் மார்பை நோக்கி எழும்பி நிற்கும். சில நிமிடங்களுக்கு அது வேடிக்கை. அதே நிலையில் மோட்டார் சைக்கிளில் இருநூறு கிலோமீட்டர் போகவேண்டுமென்றால் அது வேதனை.

அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ்டர் வகையில் இந்தத் தொல்லை உண்டு. இருக்கை தாழ்வு; பல மாதிரிகளில் கால்தாங்கிகளும் பிரேக், கியர் மிதிகளும் வண்டியின் நடுப்பகுதியில் அமைந்தவை. எனவே அங்குள்ள நெட்டையர் பலர் இவற்றைக் கழற்றி, வண்டிச் சட்டத்தின் முன்பகுதியில் பொருத்திக்கொள்வது நெடுநாள் வழக்கம். 2010இல் வந்த 'ஃபார்ட்டி-எய்ட்' மாதிரியில் நிறுவனமே மிதிகளை முன்னால் வைத்தது.

இதனால் முழங்காலுக்கு என்ன லாபம்? தொடை ஒரு பக்கம், கீழ்க்கால் ஒரு பக்கம், இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரையுள்ள நேர்கோடு ஒரு பக்கம் என்று ஒரு முக்கோணம் வரையுங்கள். தொடை 50 செ.மீ., கீழ்க்கால் 48 செ.மீ. எனக் கொள்வோம். மூன்றாம் பக்கம் 50 செ.மீ. ஆனால், கொசைன் விதிப்படி முழங்காலில் கோணம் 61 பாகை. மிதியை முன்தள்ளி அப்பக்கத்தை 70 செ.மீ. ஆக்கினால் கோணம் 91 பாகை, ஏறத்தாழச் செங்கோணம். நாற்காலியில் இயல்பாக அமர்ந்த நிலை!

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. பாதம் உடலுக்குக் கீழே இருந்தால், பள்ளம் வரும்போது சற்றே எழுந்து நின்று அதிர்ச்சியைக் கால்களில் வாங்கிக்கொள்ளலாம். பாதம் முன்னே போய்விட்டால் அது முடியாது. எடை முழுவதும் இருக்கையில் இறங்க, அதிர்ச்சி நேரே முதுகெலும்புக்கு ஏறும்.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். பிரேக் மிதி ஒரு நெம்புகோல். பாதம் அழுத்தும் கரம் 20 செ.மீ., தண்டை இயக்கும் கரம் 4 செ.மீ. என்றால் விசை ஐந்து மடங்காகும். பாதம் 20 கிலோகிராம் எடையளவு அழுத்தினால் தண்டில் 100 கிலோகிராம் எடையளவு விசை தோன்றும். புதிய மிதியில் இந்த விகிதம் மூன்றாகக் குறைந்தால், அதே பிரேக்குக்குப் பாதம் 33 கிலோகிராம் எடையளவு அழுத்தவேண்டும். மிதியின் தோற்றத்தைவிடக் கரங்களின் விகிதமே முக்கியம் என்பதை மறக்கலாகாது.

மிதி முன்னே போனதால் இணைப்புத் தண்டும் நீளுகிறது. ஓர் ஈர்க்குச்சியை நிமிர்த்தி, மேலிருந்து விரலால் அழுத்துங்கள், உடனே வளையும். பாதியாக ஒடித்து அழுத்துங்கள், எளிதில் வளையாது. அழுத்தப்படும் மெல்லிய தண்டு தாங்கும் எடை, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இவ்வாராய்ச்சிக்கு 1744இல் அடிகோலியவர் கணித மேதை ஆய்லர். நீளம் இரட்டித்தால் தாங்குதிறன் கால் பங்காகிவிடும்! அதை ஈடுசெய்ய 10 மி.மீ. தண்டுக்குப் பதிலாக 14 மி.மீ. தண்டு வேண்டும். இழுவிசைக்கு இந்த அச்சம் இல்லை. ஆனால் கியர்த் தண்டு ஒருமுறை இழுபடும், மறுமுறை தள்ளப்படும்; ஆகவே அதற்கும் விறைப்பு தேவை.

கியர் மிதியின் கரம் சுழல் அச்சுக்கு மறுபக்கமாகத் திரும்பிவிட்டால் வரிசையும் தலைகீழாகும். கீழே அழுத்தினால் இறங்கவேண்டிய கியர் ஏறிவிடும். பிரேக் மிதியில் சிறிதளவு தளர்வு இருக்கவேண்டும். இல்லையேல் திரவப் பிரேக்கில் திரவம் தொட்டிக்குத் திரும்பாமல், கட்டைகள் தட்டை விடாமல் உரசிச் சூடேறும்.

கடைசியாக ஒரு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. பாதத்தைத் தூக்கி மிதியைத் தேடுவதில் அரை வினாடி கழிந்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 8 மீட்டர் கடந்துவிடும். எனவே குதிகால் தாங்கியில் இருக்க, கணுக்காலை அசைத்தாலே மிதி எட்டும்படி அமைக்கவேண்டும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கையால் சுழற்றி, மிதியை அழுத்தினால் நிற்கிறதா, விட்டால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே சாலைக்கு எடுத்துச் செல்லவேண்டும். முழங்காலுக்குக் கிடைத்த சுகம் பிரேக்கின் உறுதியைக் குறைத்துப் பெற்றதாக இருக்கக்கூடாது.