மெய்நிகர் வன்தட்டு: அமைப்பும் பயன்பாடும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குள்ள ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கி, மேற்காற்றின் வேகத்தையும் திசையையும் அளவிடுகின்றது. நேற்று வீசிய காற்றை இன்று மீண்டும் அளத்தல் இயலாது. ஆதலின் அளவீட்டைப் பேணிக் காத்தல், அளவிடுதலுக்கு நிகரான கடமையாகும். பள்ளியில் மழைமானி பார்த்துக் குறிக்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். அத்தகைய பதிவுகளை மெய்நிகர் வன்தட்டில் வைப்போர் அதன் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளின் துணையால் இயங்கும் மற்றொரு கணிப்பொறியே மெய்நிகர் இயந்திரம் எனப்படும். அதன் வன்தட்டு, அதற்கு முழுமையான தட்டாகத் தோன்றும். வெளிக் கணிப்பொறிக்கோ அஃது ஒரு பெரிய கோப்பு மட்டுமே. இக்கருத்து புதிதன்று. 1960-களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். பொறியாளர்கள் ஒரே தட்டைச் சிறு தட்டுகளாகப் பகுத்துப் பலருக்கு வழங்கினர்.

இத்தட்டுகள் இருவகைப்படும். நிலையளவுத் தட்டு, தன் கொள்ளளவு முழுவதையும் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும். வளரளவுத் தட்டு, எழுத எழுதப் பெருகும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்குவதில்லை. வெளித்தட்டில் 40 ஜிகாபைட் இடமே இருக்க, 100 ஜிகாபைட் வளரளவுத் தட்டை உருவாக்கவும் இயலும். இது ஏரியின் நீருக்கு மிஞ்சி ஆயக்கட்டைப் பெருக்குவதை ஒக்கும். பற்றாக்குறை பின்னரே வெளிப்படும். வெளித்தட்டு நிரம்பியதும் இயந்திரம் இடையில் நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த பதிவு பழுதுறவும் கூடும்.

வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் புதிய தட்டைச் சேர்க்கும் முறை வருமாறு:

1. மெய்நிகர் இயந்திரத்தை முறைப்படி நிறுத்துக.
2. அமைப்புகளில் சேமிப்புப் பகுதியைத் திறந்து, சாட்டா கட்டுப்படுத்தியின்கீழ் புதிய வன்தட்டை உருவாக்கி, வகையையும் அளவையும் குறித்து, அதனை இணைத்திடுக.
3. இயந்திரத்தை இயக்கி, புதிய தட்டை அதன் அளவைக் கொண்டு அடையாளங் காண்க. பழைய தட்டைத் தவறித் தேர்ந்தெடுத்தால் உள்ளவை அழிந்துபோம்.
4. தட்டைப் பகிர்வு செய்து, கோப்பு முறைமையை அமைத்திடுக.
5. லினக்ஸாயின் ஓர் அடைவுடன் பொருத்துக. தட்டின் பெயர் மாறக்கூடுமாதலால், நிலையான பொருத்தத்திற்கு யூயூஐடி என்னும் தனி அடையாள எண்ணையே எழுதுக.

இரண்டாம் படியோடு பணி முடிந்ததெனக் கருதுதல் பொதுவாக நேரும் பிழையாகும். தட்டு இணைந்திருப்பினும், பிற்படிகள் நிறைவேறும்வரை அதில் ஒரு கோப்பையும் வைக்க இயலாது. பின்னர்த் தட்டின் அளவைக் கூட்டினாலும், உள்ளிருக்கும் பகிர்வையும் கோப்பு முறைமையையும் தனியே விரிவாக்குதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஒரே பௌதிகத் தட்டின்மீது எத்தனை மெய்நிகர்த் தட்டுகள் அமைப்பினும், அப்பௌதிகத் தட்டு பழுதுற்றால் அனைத்தும் ஒருங்கே அழியும். ஆகவே பதிவுகளின் படியொன்றை வேறொரு பௌதிகத் தட்டில் வைத்திருத்தலே உண்மையான காப்பாகும்.